அரசியல் சட்டத்தின் அடிக்குறிப்புகள்

புது தில்லியில் பாராளுமன்ற நூலகத்தின் பாதுகாப்பில், பிராணவாயு தீண்டாதபடி அடைக்கப்பெற்ற கண்ணாடிப் பேழைகளில், இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று இந்தி. ஆங்கிலப் பிரதியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்பவரும், இந்திப் பிரதியை வசந்த் கிருஷ்ண வைத்யா என்பவரும் தம் கைப்பட எழுதினர். சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் ஏடுகளைச் சித்திரங்களால் அலங்கரித்தனர். 1950 ஜனவரி 24ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்கள் அவற்றில் கையொப்பமிட்டனர்.

அந்த ஆங்கில ஏட்டை இன்று ஒருவர் திறந்து படிப்பாராயின், வேறொரு நாட்டின் சட்டத்தைப் படிப்பது போன்ற மயக்கம் அவருக்கு உண்டாகும். சொத்துரிமை அதில் அடிப்படை உரிமைகளுள் ஒன்று. லோக சபையின் உறுப்பினர் தொகை ஐந்நூறுக்கு மேற்படலாகாது. ராஜப்பிரமுகர் என்ற பதவி அதில் இருக்கிறது. எட்டாவது அட்டவணையில் 14 மொழிகளே காணப்படுகின்றன. தமிழ்நாடு என்ற பெயரில் ஒரு மாநிலம் அதில் இல்லை, மெட்ராஸ் உண்டு. 1951 முதல் 2023 வரை 106 திருத்தச் சட்டங்கள் நிறைவேறியிருக்கின்றன. எனினும், அவற்றுள் எந்த ஒன்றின் பொருட்டும் அந்த ஏட்டின் ஓர் எழுத்தின்மேலும் பேனா படவில்லை.

மாறாத மூலம் ஒன்று; மாறி வந்த சட்டம் ஒன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிலைபெற்றது எவ்வாறு, மாற்றிய ஒன்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர வேண்டியிருந்தபோது நம்மவர் என்ன செய்தனர் என்பதை இங்கே ஆராய எண்ணுகிறோம். இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. 1975 முதல் 1977 வரை நாட்டு மக்களின் உரிமைகள் சுருங்கியதும், பின்னர் மீண்டு வந்ததும் இந்த முறையின் வழியேதான்.

ஒரு திருத்தச் சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதை முதலில் நோக்குவோம். அது புதிய அரசியல் சட்டம் ஒன்றை முழுமையாக எழுதித் தருவதில்லை. இன்ன ஷரத்தில், இன்ன உட்பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் அமைக்கப்படும் என்று மட்டும் சொல்கிறது. அல்லது இன்ன இடத்திற்குப் பின் இன்ன வாசகம் புகுத்தப்படும் என்கிறது. அல்லது இன்ன உட்பிரிவு விடப்படும் என்கிறது. அமைத்தல், புகுத்தல், விடுதல் ஆகிய இம்மூன்று வினைகளே அதன் கருவிகள். திருத்தச் சட்டத்திற்குத் தனி எண், தனி ஆண்டு, தனிப் பிரிவுகள் உண்டு. அது இந்திய கெஜட்டில் வெளியாகித் தனித்ததோர் ஏடாகவே நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் மூலத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் இத்திருத்தங்களை வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தால் கிடைப்பதே இன்றைய அரசியல் சட்டம். சட்ட அமைச்சகம் அச்சிட்டு வெளியிடும் புத்தகம், நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ரயில்வே, தபால், தணிக்கை அலுவலகங்களில் உழைத்த தமிழர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. சர்க்கார் விதிப் புத்தகங்களுக்குக் ‘கரெக்ஷன் ஸ்லிப்’ என்ற திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றை உரிய பக்கத்தில் ஒட்டுவது இளைய குமாஸ்தாவின் வேலை. பொறுப்புள்ளவர் சீட்டின் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுவார். தூக்கிப் பார்த்தால் பழைய விதி தெரியும். பத்தாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவரின் பென்ஷன் கணக்கில் தகராறு வந்தால், அன்று நடைமுறையில் இருந்த விதி எது என்பதல்லவா கேள்வி? முழுவதும் பசை தடவி அமுக்கிவிட்டவர் அப்போது விழிப்பார். நீதிமன்றங்களுக்கும் இதே தேவை உண்டு. 1960இல் நடந்த ஒரு செயலை 1960ஆம் ஆண்டின் வாசகத்தைக் கொண்டே பெரும்பாலும் அளக்க வேண்டும். மூலமும் திருத்தங்களும் தனித்தனியே இருப்பதனால் எந்த நாளின் வாசகத்தையும் இன்று அமைத்துப் பார்க்க முடிகிறது.

இந்த வினாவை நமக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். 1789இல் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் உரிமைகளைச் சேர்க்க முனைந்தபோது, அவற்றை மூலத்தின் உள்ளேயே உரிய இடங்களில் இழைத்துவிட வேண்டும் என்று ஜேம்ஸ் மாடிசன் விரும்பினார். ரோஜர் ஷெர்மன் என்பவர் உடன்படவில்லை. மூலம் அதனை இயற்றியவர்களின் செயல். அதனுள் பிறர் சொற்களைக் கலக்கலாகாது. திருத்தங்கள் இறுதியில் தனியே சேர்க்கப்பட வேண்டும் என்று அவர் வாதாடினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதிநிதிகள் சபை ஷெர்மனின் பக்கம் சாய்ந்தது. அதன் விளைவை இன்றும் காணலாம். மதுவிலக்கைக் கொணர்ந்த 1919ஆம் ஆண்டின் 18ஆவது திருத்தமும், அதனை ரத்து செய்த 1933ஆம் ஆண்டின் 21ஆவது திருத்தமும் அவர்கள் புத்தகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடப்பட்டே இருக்கின்றன. செத்த வாசகமும் அதனைச் செயலிழக்கச் செய்த வாசகமும் ஒரே ஏட்டில் உள்ளன.

நம் நாட்டில் இருவர் விருப்பமும் நிறைவேறியது எனலாம். படிப்பதற்கு மாடிசன் விரும்பியபடி இழைத்த புத்தகம். சான்றுக்கு ஷெர்மன் விரும்பியபடி தனித்து நிற்கும் திருத்தச் சட்டங்கள். இவ்விரண்டையும் இணைக்கும் நூல் அடிக்குறிப்பு. இன்ன சொற்கள் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவினால், இன்ன தேதி முதல் அமைக்கப்பட்டன என்று பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிக்கும் நாம் மேலெழுத்தினும் அடியெழுத்தையே அதிகம் நாடுகிறோம். நாட்டின் சரித்திரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதல் திருத்தத்திற்கே தமிழர் நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் சுப்ரீம் கோர்ட்டால் செல்லாது எனப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தச் சட்டம், பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடந்தரும் உட்பிரிவு ஒன்றை 15ஆவது ஷரத்தில் புகுத்தியது. ஜமீன் ஒழிப்பு முதலிய நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்க ஒன்பதாவது அட்டவணையையும் அதுவே படைத்தது. அதில் முதலில் இடம்பெற்ற 13 சட்டங்களுள், 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதன் 1950ஆம் ஆண்டுத் திருத்தமும் அடங்கும்.

இவ்விடத்தில் வேடிக்கையான ஒரு நுட்பம் இருக்கிறது. மெட்ராஸ் மாநிலத்தின் பெயரை மாற்றும் சட்டம் 1968இல் நிறைவேறி, 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, நடைமுறைக்கு வந்தது. முதல் அட்டவணையில் ‘மெட்ராஸ்’ என்ற சொல் போய்த் ‘தமிழ்நாடு’ வந்தது. ஆனால் ஒன்பதாவது அட்டவணையில் அந்த எஸ்டேட் சட்டத்தின் பெயரில் ‘மெட்ராஸ்’ அப்படியே நிற்கிறது. ஏன்? அது அந்தச் சட்டம் பிறந்தபோது இட்ட பெயர். மாநிலத்தின் பெயர் மாறியது என்பதற்காக 1948இல் நடந்த ஒன்றை வேறு பெயரால் நடந்ததாகச் சொல்ல முடியாது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மாநிலங்களின் பெயரையும் எல்லையையும் மாற்றும் சட்டங்கள் அரசியல் சட்டத்தின் வாசகத்தை மாற்றினாலும், திருத்தச் சட்டங்கள் என்று கருதப்படலாகாது என 4ஆவது ஷரத்து விதிக்கிறது. ஆகையால் நம் மாநிலத்தின் பெயர் மாற்றம் அந்த 106 என்ற கணக்கில் சேராது.

திருத்தங்களின் தடம் எண்களிலும் தெரியும். புதிதாக ஒரு ஷரத்து வந்தால் பின்னுள்ளவற்றுக்கெல்லாம் எண் மாற்றுவதில்லை. 31-ஏ, 51-ஏ, 300-ஏ என்று இடையில் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தினால் ஒன்பதாவது அட்டவணையில் நுழைந்தபோது அதற்குக் கிடைத்த எண் 257-ஏ. ஒரு வாசகம் விடப்பட்டால் அதன் இடம் வெறுமையாகவே நிற்கும். 19ஆவது ஷரத்தின் முதல் உட்பிரிவைப் பாருங்கள். உரிமைகளை அடுக்கிவரும் எழுத்துகள் ‘ஈ’யிலிருந்து ‘ஜி’க்குத் தாவுகின்றன. நடுவே ‘எஃப்’ இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள்தாம் உள்ளன. அங்கிருந்ததே சொத்துரிமை. ‘ஜி’ என்பது தொழில் செய்யும் உரிமை. அதனை ‘எஃப்’ என்று முன்னே நகர்த்தியிருந்தால், 1950 முதல் எழுதப்பட்ட எத்தனையோ தீர்ப்புகளில் ‘19(1)(ஜி)’ என்று வரும் இடமெல்லாம் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

இந்த ஒழுங்கை நம்மவர் எப்போதும் காத்தனர் என்று சொல்வதற்கில்லை. மாநிலச் சீரமைப்பின்போது 1956இல் ஏழாவது திருத்தம், ஏழாவது பாகத்தையும் ஒன்பதாவது பாகத்தையும் ரத்து செய்தது. ஏழாவது பாகம் இன்றும் வெற்றிடம். ஒன்பதாவது பாகத்திலோ 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளைக் குடியேற்றியது. பத்தாவது அட்டவணையின் கதையும் இத்தகையதே. சிக்கிமைத் துணை மாநிலமாக இணைப்பதற்காக 1974இல் 35ஆவது திருத்தம் அதனைப் படைத்தது. மறு ஆண்டே சிக்கிம் முழு மாநிலமாகவே, 36ஆவது திருத்தம் அதனை அகற்றியது. 1985இல் கட்சித் தாவலைத் தடுக்கும் 52ஆவது திருத்தம் அதே எண்ணை எடுத்துக்கொண்டது. ஆகவே பத்தாவது அட்டவணை என்று ஓர் ஏட்டில் கண்டால், எந்த ஆண்டின் ஏடு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலியான வீட்டை வாடகைக்கு விடுவது சிக்கனமாகலாம். ஆனால் பழைய குடித்தனக்காரருக்கு வரும் கடிதங்கள் புதியவரிடம் போய்ச் சேரும் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும்.

இனி, இந்த முறை கடுஞ்சோதனைக்கு உள்ளான காலத்துக்கு வருவோம். 1975 ஜூன் 25ஆம் நாள் உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் 39ஆவது திருத்தம் 329-ஏ என்ற ஷரத்தைப் புகுத்தி, பிரதம மந்திரியின் தேர்தல் வழக்கை நீதிமன்றங்களின் கைக்கு எட்டாதபடி செய்ய முயன்றது. 1976 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 42ஆவது திருத்தம் 59 பிரிவுகளைக் கொண்டது. அரசியல் சட்டத்துக்கு ஓர் இணைச் சட்டம் எழுதினாற்போன்றது. முகவுரையில் சொற்களைச் சேர்த்தது. லோக சபையின் ஆயுளை ஐந்து ஆண்டுகளிலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டியது. 31-டி, 32-ஏ, 131-ஏ, 144-ஏ, 226-ஏ, 228-ஏ என்று புதிய ஷரத்துகளை நுழைத்து, சட்டங்களின் செல்லுபடியை ஆராயும் நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குக் கட்டுகள் இட்டது. பாராளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று 368ஆவது ஷரத்தில் இரண்டு உட்பிரிவுகளை எழுதி வைத்தது.

1977 மார்ச்சில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. புதிய ஆட்சியினர் என்ன செய்திருக்கலாம்? 42ஆவது திருத்தச் சட்டம் ரத்து செய்யப்படுகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் யாவும் பழையபடி ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றும். சட்டத்தின் நியாயம் வேறு. நம் நாட்டுச் சட்டங்களுக்கெல்லாம் பொதுவான அகராதி போன்று விளங்குவது 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம். அதன் 7ஆவது பிரிவின்படி, ஒரு சட்டத்தை ரத்து செய்த சட்டத்தை ரத்து செய்வதனால் மட்டும் முதற்சட்டம் உயிர் பெறாது. உயிர் பெறுகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1936இல் சேர்க்கப்பட்ட 6-ஏ பிரிவு இன்னும் தெளிவானது. வேறொரு சட்டத்தின் வாசகத்தைத் திருத்திய சட்டம் பின்னர் ரத்தானாலும், அது செய்த திருத்தம், மாறான கருத்து தோன்றினாலொழிய, நிலைத்தே நிற்கும் என்கிறது. வேலை முடிந்த திருத்தச் சட்டங்களைப் பாராளுமன்றம் அவ்வப்போது கட்டுக்கட்டாக ரத்து செய்வதும், அதனால் எவ்விதக் கேடும் நேராததும் இதனால்தான். கொத்தனாரை அனுப்பிவிட்டால் சுவர் இடிந்துவிடுமா?

ஆகவே, செய்த ஒவ்வொன்றுக்கும் எதிர்ச் செயல் ஒன்றை எழுதியே தீர வேண்டியிருந்தது. 43ஆவது திருத்தம் 1978 ஏப்ரலில் ஒப்புதல் பெற்று, மேற்சொன்ன ஆறு ஷரத்துகளையும் எண் சொல்லி விட்டது. அடுத்து வந்த 44ஆவது திருத்தம் 1979 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ‘ஐந்து ஆண்டுகள்’ என்பதற்குப் பதிலாக ‘ஆறு ஆண்டுகள்’ என்று 42ஆவது எழுதியிருந்ததை, ‘ஆறு ஆண்டுகள்’ என்பதற்குப் பதிலாக ‘ஐந்து ஆண்டுகள்’ என்று இது திருப்பி எழுதியது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற வாசகம். 329-ஏ விடப்பட்டது. ஒன்பதாவது அட்டவணையில் ஒளித்து வைத்திருந்த ‘மிசா’ என்ற காவல் சட்டமும் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்திய சட்டமும் வெளியேற, 92, 130 ஆகிய எண்களுக்கு நேரே இன்று வெறும் குறிகளே உள்ளன.

ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் திருப்பவில்லை. சிலவற்றைப் பழைய நிலைக்கும் கொண்டுபோகாமல் புதிய நிலையிலும் விடாமல் வேறு வழியில் செலுத்தினர். நெருக்கடி நிலைக்குக் காரணமாகச் சொல்லத்தக்க ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொற்கள் 1950 முதலே 352ஆவது ஷரத்தில் இருந்தவை. அவற்றுக்குப் பதிலாக ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்ற சொற்கள் அமைக்கப்பட்டன. 20, 21 ஆகிய ஷரத்துகளின் உரிமைகளை, அதாவது உயிருக்கும் உடலின் சுதந்திரத்துக்கும் உரிய காவலை, நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று விதித்தனர். 1976 ஏப்ரலில் அந்தக் காவல் இல்லாது போனதை ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பு காட்டியிருந்தது. மற்றும் சில, ராஜ்ய சபையில் போதிய பெரும்பான்மை இல்லாமையால் நின்றுபோயின. மசோதாவின் ஐந்து பிரிவுகளை அச்சபை ஏற்கவில்லை. கல்வி பொதுப் பட்டியலிலேயே தங்கிவிட்டது. முகவுரையில் சேர்த்த சொற்களும் நிலைத்தன.

முகவுரையின் நிலை விசித்திரமானது. 1949 நவம்பர் 26ஆம் நாளன்று இதனை ஏற்கிறோம் என்று அது கூறுகிறது. 1976இல் சேர்ந்த சொற்களும் அந்தத் தேதிக்கு மேலேயே நிற்கின்றன. அடிக்குறிப்பு இல்லாவிட்டால் அவற்றை அரசியல் நிர்ணய சபையே சொன்னதாக வருங்காலத்தார் கொள்வர். இதனை எதிர்த்த வழக்கை 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. திருத்தும் அதிகாரம் முகவுரைக்கும் பொருந்தும், ஏற்ற தேதி அதற்குத் தடையாகாது என்பது தீர்ப்பு. சட்டம் அவ்வாறாயினும், பேழையில் உள்ள ஏட்டின் முகவுரையில் அச்சொற்கள் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கு இத்தகைய திருத்தங்கள் தரும் தொல்லையையும் சற்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை எடுத்து வேறு இரண்டை வைத்தால் வாக்கியம் அப்படியே ஓடும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘போரினாலோ, வெளிநாட்டு ஆக்கிரமிப்பினாலோ, உள்நாட்டுக் குழப்பத்தினாலோ’ என்ற தொடரில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொற்கள் அந்த வடிவில் எங்கே இருக்கின்றன? ஆகவே, தமிழ் வாசகத்துக்குத் திருத்தத்தையும் தமிழிலேயே புதிதாக வகுக்க வேண்டும். ‘ரத்து செய்தல்’ வேறு, ‘விடுதல்’ வேறு என்பதையும் காக்க வேண்டும். காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கு ஒன்றை மாற்றி வைத்தால் வழக்கு வந்துவிடும்.

பாராளுமன்றம் திருப்புவது ஒரு வகை. நீதிமன்றம் செல்லாது என்பது மற்றொரு வகை. 1973 ஏப்ரல் 24ஆம் நாள் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் எழுவர், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைச் சிதைக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இல்லை என்றனர். அந்த அளவுகோலைக் கொண்டு 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில், 368ஆவது ஷரத்தில் 42ஆவது திருத்தம் எழுதிய அந்த இரண்டு உட்பிரிவுகளும் செல்லாதவையாயின. ஆனால் நீதிமன்றத்துக்கு ஏட்டிலிருந்து சொற்களை எடுக்கும் அதிகாரம் இல்லை. அவை இன்றும் புத்தகத்தில் அச்சாகின்றன. செல்லாதென அறிவிக்கப்பட்டவை என்று அடிக்குறிப்பு மட்டும் எச்சரிக்கிறது. படிக்கக் கிடைக்கும், பயன்படாது.

இதனினும் சுவையானது நீதிபதிகளை நியமிக்கும் கமிஷன் பற்றிய 99ஆவது திருத்தம். 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பழைய நியமன வாசகத்தின் இடத்தில் புதிய வாசகம் அமர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் சுப்ரீம் கோர்ட் அதனைச் செல்லாது என்றது. அப்படியானால் நடுவே எடுத்துவிட்ட பழைய வாசகம் என்ன ஆயிற்று? திருத்தமே செல்லாதது என்றால் மாற்றும் செல்லாது. ஆகவே பழைய முறை தானே தொடர்கிறது என்று நீதிமன்றம் கொண்டது. எவரும் பழைய சொற்களை மறுபடி எழுதவில்லை. ரத்து செய்தால் பழையது தானாக மீளாது. செல்லாதென்றால் பழையது போகவே இல்லை. மேலிருந்த சீட்டை எடுத்தனர். அடியில் பழைய வாசகம் இருந்தது. 1950ஆம் ஆண்டின் மூலத்தை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அழித்து எழுதியிருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும்?

மேல்சபைகளின் வரலாற்றிலும் இந்தப் போக்குவரத்தைக் காணலாம். ஆந்திரப் பிரதேசத்தின் மேல்சபை 1985இல் கலைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் அமைந்தது. 168ஆவது ஷரத்தில் அம்மாநிலத்தின் பெயர் வெளியே போய் உள்ளே வந்தது. தமிழ்நாட்டின் மேல்சபை 1986 நவம்பர் முதல் தேதி ஒழிந்தது. மீண்டும் அமைக்கப் பாராளுமன்றம் 2010இல் ஒரு சட்டம் இயற்றியும் சபை அமையவில்லை.

எழுதப்பட்டும் செலுத்தப்படாத திருத்தங்களுள் மிக முக்கியமானது 44ஆவது திருத்தத்திலேயே இருக்கிறது. விசாரணையின்றிக் காவலில் வைப்பதைப் பற்றியது 22ஆவது ஷரத்து. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் மூன்று மாதம் வரை ஒருவரைக் காவலில் வைக்க அது இடந்தருகிறது. அந்தக் குழுவில் ஹைகோர்ட் நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் மட்டுமின்றி, அப்பதவிக்குத் தகுதி உடையவரும் இருக்கலாம். நெருக்கடி நிலையின் கசப்பை உணர்ந்திருந்த 1978ஆம் ஆண்டுப் பாராளுமன்றம், மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. தலைவர் பதவியில் உள்ள நீதிபதியாக இருக்க வேண்டும். ஏனையோர் பதவியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதிகளாக இருக்க வேண்டும். குழுவும் ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் சிபாரிசின்படி அமைய வேண்டும் என்றது. இது 44ஆவது திருத்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. ஆனால் பிரிவுகளை நடைமுறைக்குக் கொணரும் தேதியை மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கலாம் என்று அச்சட்டமே விட்டுவிட்டது. பெரும்பாலான பிரிவுகளுக்கு 1979 ஜூன் 20 என்று தேதி கிடைத்தது. 3ஆவது பிரிவுக்குக் கிடைக்கவில்லை.

தேதி அறிவிக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட வேண்டும் என்று கேட்டபோது, 1981 டிசம்பரில் ஏ. கே. ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மையினர் அவ்வாறு உத்தரவிட மறுத்துவிட்டனர். அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. 22ஆவது ஷரத்தின் பக்கத்தைத் திறந்தால், மேலே 1950ஆம் ஆண்டின் மூன்று மாதமும், அடியில் சிற்றெழுத்தில் 1978ஆம் ஆண்டின் இரண்டு மாதமும் இன்றும் அச்சிடப்பட்டிருக்கின்றன. காவலில் வைக்கப்படுபவருக்கு மேலே உள்ளதே பொருந்தும்.